காரின் வேக எச்சரிக்கையைச் சரியாக வைப்பது எப்படி: யாழ்ப்பாண வீதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

காரில் வேக எச்சரிக்கை இருக்கிறது என்று தெரிந்ததும் பலர் செய்வது ஒன்றுதான். மெனுவைத் திறக்கிறார்கள், கைக்கு வந்த எண்ணை வைக்கிறார்கள், கிளம்பி விடுகிறார்கள். சில நாளில் எரிச்சல் பட்டு நிறுத்தியும் விடுகிறார்கள். "உது சும்மா கத்திக்கொண்டே இருக்குது அண்ணை" என்பதுதான் நான் அதிகம் கேட்ட முறைப்பாடு. அடுத்தது அதற்கு நேர்மாறானது: "ஒருநாளும் சத்தமே வந்ததில்லை."

இரண்டுக்கும் காரணம் ஒன்று. எண்ணை வைப்பது நான்காவது வேலை. அதை முதலாவதாகச் செய்கிறார்கள். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போனால் ஒரு காலைப்பொழுதில் வேலை முடியும்.

தொடங்க முன் வைத்திருக்க வேண்டியவை

ஜிபிஎஸ் வேகம் காட்டும் ஒரு செயலியுள்ள போன், அதைப் பொருத்த ஒரு தாங்கி, பக்கத்தில் இருந்து போனைப் பார்க்க ஓர் ஆள். ஜப்பானில் இருந்து வந்த கார் என்றால் கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழியை வீட்டு வைஃபையிலேயே இறக்கி வையுங்கள். முதல்நாளே நான்கு ரயருக்கும் காற்றுப் பார்த்துவிடுங்கள். காற்றுக் குறைந்த ரயரின் உருளும் சுற்றளவு சற்றுக் குறையும். மீற்றரைச் சோதிக்கும்போது அதுவும் கணக்கில் வந்து சேரும்.

1. உங்கள் காரில் இருப்பது எந்த வகை?

வேக எச்சரிக்கை என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நான்கு வேறு வசதிகள். எது என்று தெரியாமல் மெனுவுக்குள் போனால் இல்லாத ஒன்றைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முதல் வகையில் நீங்கள் ஓர் எண்ணை வைப்பீர்கள். அதைத் தாண்டினால் சத்தம் வரும், அல்லது மீற்றரில் எழுத்து மின்னும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.

இரண்டாவது, முன்கண்ணாடியில் உள்ள கமரா வீதியோர வேகப் பலகையை வாசித்து, அதே வட்டத்தை மீற்றரில் காட்டுவது. உள்கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புப் பெட்டி போல ஒன்று இருந்தால் இது இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தக் கமரா உள்ள எல்லாக் காருக்கும் பலகை வாசிக்கத் தெரியாது. சிலது கோடு மாறினால் மட்டுமே எச்சரிக்கும்.

மூன்றாவது ஸ்பீட் லிமிற்றர். வைத்த வேகத்தை எட்டியதும் அக்சிலரேட்டரை மிதித்தாலும் கார் மேலே போகாது. முழுவதுமாக அழுத்தி மிதித்தால் மட்டும் விட்டுக்கொடுக்கும். அவசரத்துக்கு முந்த வேண்டி வந்தால் என்ன செய்வது என்று பயப்படுபவர்களுக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். பல கார்களில் குரூஸ் கொன்ட்ரோலுக்கும் லிமிற்றருக்கும் ஸ்டியரிங்கில் ஒரே சுவிச் கூட்டம்தான். லிமிற்றர் என்று நினைத்துக் குரூஸை அழுத்தினால் கார் தானாக அந்த வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும். சந்தைக்குள் அது நடந்தால் நெஞ்சு பதறும். மீற்றரில் எந்தக் குறி எரிகிறது என்று பார்த்த பிறகே காலை எடுங்கள்.

நான்காவது, தொழிற்சாலையிலேயே பூட்டி வைத்தது. இந்தியாவில் 2019 யூலை 1 முதல் செய்யப்படும் கார்களில் மணிக்கு 80 கிலோமீற்றரைத் தாண்டினால் விட்டுவிட்டும், 120ஐத் தாண்டினால் தொடர்ந்தும் சத்தம் வர வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இந்தியாவில் செய்த சில கார்களில் இது வரும். எண்ணை மாற்ற முடியாது. எங்கள் வீதிகளில் உச்ச எல்லையே 70 என்பதால், அது வாய் திறக்கும்போது நீங்கள் ஏற்கெனவே 10 கூட ஓடிக்கொண்டிருப்பீர்கள். எனவே அதை எச்சரிக்கையாக எண்ணாமல், இல்லாதது என்று வைத்துக்கொண்டு 6ஆம் பகுதிக்குப் போங்கள். ஆனால் அதற்கு முன் 2ஐயும் 3ஐயும் செய்துவிட வேண்டும்.

2. மீற்றர் சொல்வது எவ்வளவு உண்மை?

எல்லாரும் தாண்டிப் போகும் படி இது. இதில்தான் மற்ற எல்லாம் தங்கியிருக்கிறது.

காரின் மீற்றர் உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாகக் காட்டும்படியே செய்யப்படுகிறது. பல நாடுகள் பின்பற்றும் ஐநா விதி 39இன்படி மீற்றர் ஒருபோதும் உண்மை வேகத்துக்குக் குறைவாகக் காட்டக் கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தின் பத்தில் ஒரு பங்குடன் மணிக்கு 4 கிலோமீற்றர் வரை. அதாவது நீங்கள் உண்மையில் 50இல் போகும்போது மீற்றர் 59 காட்டினாலும் விதிக்குள்தான். 49 காட்டக் கூடாது. நடைமுறையில் இடைவெளி அவ்வளவு இருப்பதில்லை. ஆனால் உங்கள் காரில் எவ்வளவு என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் புரட்டிப் போடுவது ரயர். 155/65 ஆர்14 ரயர் போட்டுக்கொண்டு வந்த சிறிய காருக்கு, "கொஞ்சம் உயரமா இருக்கட்டும், ஒழுங்கையில அடிபடாது" என்று 165/65 ஆர்14 போடுவது இங்கே சாதாரணம். சுற்றளவு 2.3 வீதம் கூடிவிடும். மீற்றர் 50 என்னும்போது, முன்பு சரியாக இருந்த கார் 51க்கு மேல் ஓடும். மீற்றரின் இயல்பான தாராளம் அதை மூடிவிடலாம், மூடாமலும் விடலாம். கராஜில் ரயர் மாற்றும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

சோதிக்கும் முறை இது. அதிகாலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான துண்டுக்குப் போங்கள். கண்டி வீதியில் முகமாலைக்கும் இயக்கச்சிக்கும் இடையில் அப்படியான துண்டுகள் உண்டு. மீற்றரில் 50ஐப் பிடித்து, அசையாமல் பத்து விநாடி ஓடுங்கள். ஜிபிஎஸ் வேகம் ஒன்றிரண்டு விநாடி பிந்தித்தான் வரும். அதனால்தான் அந்தப் பத்து விநாடி. பக்கத்தில் இருப்பவர் போனில் தெரியும் எண்ணைச் சொல்லட்டும். ஓட்டுபவர் போனைப் பார்க்கவே கூடாது. பிறகு 70இலும் ஒருமுறை.

போன் கைவசம் இல்லையென்றால் கிலோமீற்றர் கல் போதும். 50இல் ஓடினால் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 72 விநாடி. 75 விநாடி எடுத்தால் உண்மை வேகம் 48. கல்லைத் தாண்டும் கணத்தைப் பக்கத்தில் இருப்பவர்தான் குறிக்க வேண்டும்.

கிடைத்த இரண்டு எண்களையும் ஒரு துண்டில் எழுதி, கையுறைப் பெட்டிக்குள் போடுங்கள்.

3. எந்த எண்ணை வைப்பது?

இலங்கையில் காருக்கு நகரப் பகுதிக்குள் மணிக்கு 50, வெளியே 70, அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர். பலகை வேறு எண்ணைச் சொன்னால் பலகை சொல்வதுதான் சட்டம். ஓட்டோவுக்கு எங்கும் 40. அதை இங்கே சொல்வது, நீங்கள் 70இல் வரும்போது முன்னால் 40இல் ஒன்று போய்க்கொண்டிருக்கும் என்பதை மறக்காமல் இருக்கத்தான்.

பெரும்பாலான கார்களில் ஒரே ஓர் எண்ணைத்தான் வைக்கலாம். எங்களுக்குத் தேவைப்படுவதோ இரண்டு. இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் 60 என்று வைப்பவர்கள் உண்டு. அது டவுனுக்குள் பிந்திவிடும். வெளியே தேவையில்லாமல் கத்தும்.

யாழ்ப்பாணத்துக்குள் ஓடுபவர் 50ஐ வைத்துவிட்டு அதை மாற்றாமல் இருப்பதே நல்லது என்பது என் முடிவு. காங்கேசன்துறை வீதி, பலாலி வீதி, பருத்தித்துறை வீதி, மானிப்பாய் வீதி எதை எடுத்தாலும் ஊருக்குப் பின் ஊர். கடை முடிய வீடு, வீடு முடியக் கோயில். ஒழுங்கையிலிருந்து சைக்கிள் எட்டிப் பார்க்காமலே வந்து ஏறும். 50இல் ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர் போகிறீர்கள், 70இல் 19க்கும் மேல். பிரேக்கில் கால் போக முன்பே அந்த ஐந்து மீற்றர் போய்விடும்.

கண்டி வீதியால் தெற்கே போகிற நாளில் மட்டும் 70க்கு மாற்றுங்கள். வீட்டு வாசலில் அல்ல. அரியாலை, நாவற்குழி, கைதடி, சாவகச்சேரி, மீசாலை என்று கொடிகாமம் வரை வரிசையாக ஊர்கள்தான். கொடிகாமத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்துபவர்கள் அங்கே மாற்றலாம். அதற்குப் பிறகு பளை, பரந்தன், கிளிநொச்சி டவுன்களுக்குள் இந்த எச்சரிக்கை உங்களுக்கு உதவாது. அங்கே கண்தான் வேலை செய்ய வேண்டும். திரும்பி வரும்போது அதே கொடிகாமத்தில் 50க்கு இறக்குங்கள். இறக்க மறப்பதுதான் வழக்கம், ஆகவே பக்கத்தில் வருபவரிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்துவிடுங்கள்.

அதிவேகப் பாதைக்கு 100 என்று தனியாக மாற்றுவது அவரவர் விருப்பம். மீரிகமவிலிருந்து குருநாகல் வரையோ, கட்டுநாயக்கவிலிருந்து கொழும்புக்கோ போகும் குறுகிய துண்டுக்காக மாற்றினால், இறங்கிய பிறகு மறந்து விடுவதுதான் அதிகம். நான் மாற்றுவதில்லை.

இப்போது 2இல் எழுதிய துண்டை எடுங்கள். மீற்றர் 50 காட்டும்போது ஜிபிஎஸ் 47 என்றது என்று வைப்போம். "அப்ப 55 வைக்கலாம்தானே" என்று கேட்பார்கள். வைக்காதீர்கள். 50லேயே விடுங்கள். எச்சரிக்கை உண்மையான 47இல் வரும். காலை எடுக்க மணிக்கு மூன்று கிலோமீற்றர் இடைவெளி கிடைக்கும். எல்லையைத் தொட்ட பிறகு வரும் சத்தத்தால் வீதியோரம் வேகம் அளக்கும் கருவியுடன் நிற்கும் பொலிஸ்காரருக்குத்தான் பயன். பெரிய ரயரால் ஜிபிஎஸ் 52 என்று வந்தால் மட்டும் 45க்கு இறக்குங்கள்.

4. மெனுவுக்குள் போய் வைப்பது

கார் நிற்க வேண்டும், கியர் பார்க்கில், கைபிரேக் இழுத்திருக்க வேண்டும். இது பாதுகாப்புக்கு மட்டுமல்ல. ஓடும்போது பல கார்களில் செற்றிங் பகுதி மங்கி, அழுத்தினாலும் திறக்காது. "மெனு வேலை செய்யுதில்லை" என்று வந்தவர்களில் பாதிப்பேர் டிரைவில் போட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டு முயன்றவர்கள்.

முதலில் மீற்றருக்கு நடுவிலுள்ள சிறிய திரையைப் பாருங்கள், பெரிய தொடுதிரையை அல்ல. பல கார்களில் இந்த வசதி அங்கேதான் இருக்கும். ஸ்டியரிங் பட்டனால் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போனால் பற்சக்கரப் படம் வரும். அதற்குள் வாகன அமைப்பு அல்லது எச்சரிக்கை என்ற பொருளில் உள்ள பகுதியைத் தேடுங்கள்.

ஜப்பானிய எழுத்து என்றால் போனைத் திரைக்கு நேரே பிடித்து மொழிபெயர்ப்பைப் பாருங்கள். உச்சி வெயிலில் திரையில் ஒளி தெறித்து வாசிக்காது. காரை நிழலில் விட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன் அந்தத் திரையை ஒரு படம் எடுத்து வையுங்கள். தமிழும் ஆங்கிலமும் இல்லாத மெனுவில் தவறான இடத்தை அழுத்திவிட்டால் திரும்பி வர அந்தப் படங்கள்தான் வழி.

இரண்டு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஒன்று, எண்ணை வைப்பதும் வசதியை இயக்குவதும் வேறு வேறு. 50 என்று வைத்துவிட்டு, மேலே உள்ள பெட்டியில் சரியைப் போடாமல் வெளியே வந்தால் ஒன்றும் நடக்காது. ஒருநாளும் சத்தம் வரவில்லை என்பவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கிறது. மற்றது சத்தத்தின் அளவு. மிகக் குறைவாக இருந்தால், கண்ணாடி இறக்கி ஓடும் காரில் பஸ் ஹோர்னுக்குள் காணாமல் போகும். நடுவளவை வையுங்கள்.

5. பலகை வாசிக்கும் கமராவை எவ்வளவு நம்பலாம்?

குறைவாக நம்புங்கள். ஜப்பான் சந்தைக்கான கமரா அந்நாட்டுப் பலகைக்காகப் பயிற்றப்பட்டது. அங்கே சிவப்பு வளையத்துக்குள் நீல எண் இருக்கும். எங்கள் பலகையைச் சில கார்கள் வாசிக்கும், சில வாசிக்காது, சில விரும்பினால் வாசிக்கும். தெரிந்த ஒரு பலகையைப் பகலில் இரண்டு மூன்று முறை கடந்து, மீற்றரில் வட்டம் வருகிறதா என்று பாருங்கள்.

வாசித்தாலும் அதற்கு வரம்பு உண்டு. பலகை இல்லாத இடத்தில் நகரப் பகுதி என்றால் 50 என்ற பொது விதி அதற்குத் தெரியாது. சந்தியில் திரும்பினாலோ சிறிது தூரம் ஓடினாலோ பல கார்களில் வட்டம் மறைந்துவிடும். வட்டம் இல்லை என்றால் எல்லை இல்லை என்று எண்ணக் கூடாது. வேப்பங்கொப்பு மூடிய பலகையும், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டிய பலகையும் கமராவுக்கு இல்லாத பலகைதான். பின்னேரம் பண்ணைப் பாலத்தால் வேலணைப் பக்கம் போனால் சூரியன் நேரே கண்ணாடியில் அடிக்கும், கடற்காற்றின் உப்பும் படிந்திருக்கும். அப்போது கமரா தற்காலிகமாக நின்றுவிட்டது என்று மீற்றரில் எழுத்து வரலாம். கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஓடுங்கள், பழுதில்லை.

உள்கண்ணாடியில் தொங்கும் சுவாமிப் படத்தையும் மாலையையும் சற்று இறக்குங்கள். முன்கண்ணாடியின் மேற்பகுதிக்குக் கறுப்பு ஸ்டிக்கர் அடிப்பவர்கள் கமராவுக்கு முன்னால் உள்ள இடத்தை விட்டு அடிக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடியே மாற்றினால் கமராவைத் திரும்பவும் நேர்படுத்த வேண்டியிருக்கும். மாற்ற முன்பே அந்தக் கராஜில் அதற்கான கருவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

காருடன் வந்த ஜப்பானிய நவிகேஷன் திரையில் வேக எல்லை காட்டும் வசதி இருந்தால் மறந்துவிடுங்கள். அதற்குள் இருப்பது ஜப்பான் வரைபடம். நல்லூரில் நிற்கும் காருக்கு அது சொல்ல ஒன்றுமில்லை.

6. காரில் வசதியே இல்லையென்றால்

வேஸ் (Waze) என்ற வழிகாட்டும் செயலியில் வேகமானி என்ற செற்றிங் இருக்கிறது. அதற்குள் வேக எல்லையைக் காட்டவும், தாண்டும்போது எச்சரிக்கவும், சத்தம் எழுப்பவும் தனித்தனியாக இயக்க வேண்டும். வரைபடத்தில் எல்லை பதிவாகாத வீதியில் அது மௌனமாக இருக்கும். எங்கள் உள்வீதிகளில் அந்த மௌனத்தை எதிர்பார்த்துக்கொண்டே ஓடுங்கள்.

லண்டனிலிருந்து மாமா கொண்டுவந்து தந்த போன் என்றால் முதலில் அலகைப் பாருங்கள். மைலில் இருந்தால் 31 என்று காட்டும்போதே நீங்கள் 50ஐ எட்டியிருப்பீர்கள். லீவில் வந்து வாடகைக் கார் எடுக்கும் உறவினர்களுக்கும் இதையே சொல்லுங்கள்.

இன்னொரு சிக்கல் புளூடூத். போன் காருடன் இணைந்திருக்க, நீங்கள் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தால் எச்சரிக்கைச் சத்தம் எங்கும் வராமல் போகலாம். போனின் ஸ்பீக்கரிலேயே ஒலிக்கும்படி மாற்றுங்கள். போனை டாஷ்போட்டின் மேல் வெயிலில் வைத்தால் சூடேறி அணைந்துவிடும். ஏசி வாயில் மாட்டும் தாங்கி நல்லது.

தனிக் கருவி வாங்குபவர்கள் இரண்டு வகையில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ஓபிடி துளையில் (கராஜில் பரிசோதனைக் கருவியைச் செருகும் இடம்) செருகுவது காரின் வேகத்தையே வாசிக்கும், ஆனால் ஜப்பான் சந்தைக்கான சில கார்களில் வேலை செய்யாது. ஜிபிஎஸ் வகை எந்தக் காரிலும் ஓடும், ஒன்றிரண்டு விநாடி பிந்தும். கடையில் வைத்தே செருகிப் பார்க்காமல் ஓபிடி வகைக்குக் காசு கொடுக்காதீர்கள். பல நாள் ஓடாத கார் என்றால் அதைக் கழற்றி வையுங்கள், பற்றரியை உறிஞ்சும்.

7. சோதித்துப் பாருங்கள்

50க்கு வைத்த எச்சரிக்கையை 70 அனுமதிக்கும் வீதியில் சோதியுங்கள். அப்படியென்றால் 52ஐத் தொட்டாலும் சட்டத்தை மீறவில்லை. டவுனுக்குள் சோதிக்கப் போய் தண்டச்சீட்டு வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

மெல்ல 50ஐத் தாண்டி, சத்தம் வந்ததும் மீற்றர் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். அப்படியே சில விநாடி மேலே ஓடுங்கள். பல கார்களில் தாண்டும்போது ஒருமுறைதான் அடிக்கும். கீழே இறங்கி மறுபடி தாண்டினால்தான் அடுத்தது. இது தெரியாதவர், சத்தம் நின்றதால் வேகம் குறைந்துவிட்டது என்று எண்ணி 60இல் போய்க்கொண்டிருப்பார். உங்கள் கார் எந்த வகை என்று இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

லிமிற்றர் உள்ளவர்கள் இதே இடத்தில் முழுவதும் மிதித்தால் விட்டுக்கொடுக்கிறதா என்று ஒருமுறை பார்க்கலாம். பின்னால் வாகனம் இல்லாதபோது மட்டும். பல கார்களில் லிமிற்றர் பிரேக் போடாது. யாழ்ப்பாணம் தட்டை நிலம் என்பதால் இங்கே அது தெரியவே தெரியாது; கண்டிப் பக்கம் இறக்கத்தில் வைத்த வேகத்தைத் தாண்டி ஓடும்.

8. பிறகு எப்போது திரும்பப் பார்க்க வேண்டும்?

பற்றரி கழற்றினால் சில கார்களில் செற்றிங் அழிந்து ஆரம்ப நிலைக்குப் போய்விடும். சேர்விசுக்குக் கொடுத்து எடுத்தால், கராஜ் வாசலை விட்டு வெளியே வர முன் எண்ணைப் பாருங்கள். ரயரின் அளவை மாற்றினால் 2ஆம் பகுதியைத் திரும்பச் செய்யுங்கள்.

வீட்டில் இன்னொருவரும் அதே காரை ஓட்டினால், கண்டி வீதிக்குப் போய் வந்தவர் எண்ணை எதில் விட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. சாவியை வாங்கும்போது, "தம்பி, எத்தினையில விட்டிருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.